விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்: பெட்டியில் அச்சிடாத விவரம்

கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு நம் வீடுகளில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இடம்பிடித்துவிட்ட கருவி, விரல் நுனியைக் கவ்விக்கொள்ளும் பல்ஸ் ஆக்சிமீட்டர். இந்த மதிப்புரைக்கு நான் எடுத்துக்கொண்டது, மருந்துக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்குக் கிடைக்கும் சாதாரண மாடல் ஒன்று. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் முக்கியமான குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. கடையில் அதே அலமாரியில் அடுக்கியிருந்த மற்றப் பெட்டிகளையும் புரட்டிப் பார்த்தேன், அவற்றிலும் அந்த விவரம் இல்லை. நம்மைப் போன்ற கருநிறத் தோல்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருள், நம் தோலில் எவ்வளவு சரியாக வேலை செய்யும் என்பதே அந்த விவரம்.

வெறும் பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. இரண்டு டிரிபிள் ஏ பேட்டரிகளில் ஓடுகிறது. விரலை நுழைத்துப் பொத்தானை அழுத்தியதும் சில நொடிகளில் ஆக்சிஜன் சதவீதமும் நாடித் துடிப்பும் தெரிகின்றன. திரையைத் திருப்பிப் பார்க்கலாம், எண்கள் பெரிதாக இருப்பதால் கண்ணாடி போடாமலே முதியவர்களால் படிக்க முடிகிறது, விரலை எடுத்தால் தானாக அணைந்துவிடுகிறது. உள்ளே உள்ள ரப்பர் மெத்தை மென்மையாக இருக்கிறது; ஸ்பிரிங் மட்டும் சற்று இறுக்கம், ஒல்லியான விரலுக்குச் சிறிது நேரத்தில் வலிக்கும். இரண்டாம் அலையின்போது பேனாவையும் பென்சிலையும் நுழைத்தால்கூட 97, 98 என்று காட்டிய போலிக் கருவிகளின் வீடியோக்கள் வாட்ஸ்ஆப்பில் சுற்றின. இந்த மாடலில் பென்சிலை வைத்துப் பார்த்தேன். எண் எதுவும் வரவில்லை, ‘ஃபிங்கர் அவுட்’ என்ற எச்சரிக்கைதான் வந்தது. ஆகவே இது போலி அன்று. உண்மையாகவே ஒளியைச் செலுத்தி, உண்மையாகவே கணக்குப் போடுகிற கருவி. பிரச்சினை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தக் கருவி இரத்தத்தைத் தொடுவதில்லை; ஆக்சிஜனை நேரடியாக அளப்பதும் இல்லை. விரலின் ஒரு பக்கத்திலிருந்து சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும், சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, மறுபக்கத்தில் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும். ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனியில் இரத்தம் பெருகி வற்றுவதால் வந்து சேரும் ஒளியும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்தால், தோல், எலும்பு, நகம் என்று மாறாமல் இருக்கும் மற்றவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்பதுதான் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டக்குவோ ஆவோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்த நுட்பம். 1974-இல் வெளியுலகுக்கு வந்த அந்த யோசனை, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சையின் பாதுகாப்பையே மாற்றியது. அதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

இரண்டு ஒளிகளின் ஏற்ற இறக்கங்களுக்கு இடையிலான விகிதம்தான் கருவியின் கைக்கு வந்து சேரும் ஒரே மூலப்பொருள். அந்த விகிதத்தைச் சதவீதமாக மாற்றுவதற்குக் கருவியின் நினைவகத்தில் ஓர் அட்டவணை பதிந்திருக்கிறது. பாடநூல்களில் சொல்லப்படும் தோராயமான கணக்கு எளிமையானது: விகிதத்தை 25-ஆல் பெருக்கி, 110-இலிருந்து கழிக்க வேண்டும். விகிதம் 0.64 என்றால் 94 சதவீதம், 0.88 என்றால் 88 சதவீதம். வீட்டிலேயே இருந்து கவனித்தால் போதும் என்ற நிலைக்கும், உடனே ஆக்சிஜன் ஏற்ற வேண்டும் என்ற நிலைக்கும் இடையே இருப்பது விகிதத்தில் இந்த 0.24 வித்தியாசம்தான். வழியில் எதுவாவது அந்த விகிதத்தைச் சற்றே கீழே தள்ளினால், திரையில் எண் மேலே போகும். நோயாளியின் உடம்பில் எதுவும் மேம்பட்டிருக்காது.

தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. மாறாமல் இருப்பதைக் கழித்துவிடுவதால் தோலின் நிறம் கணக்கைப் பாதிக்காது என்று கோட்பாட்டளவில் சொல்லலாம். நடைமுறை அப்படி இல்லை. மெலனின் அகச்சிவப்பைக் காட்டிலும் சிவப்பு ஒளியை அதிகமாக விழுங்குகிறது. மேலும், கருவியில் உள்ள சிவப்பு எல்.இ.டி. ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் உமிழ்வதில்லை. 660-க்கு இப்பக்கமும் அப்பக்கமும் சிறிது பரவிய ஒளியை உமிழ்கிறது. கருமையான தோல் அந்தப் பரவலின் குட்டையான அலைநீளங்களை அதிகமாக வடிகட்டிவிடுவதால், உள்ளே போய்ச் சேரும் சிவப்பு ஒளியின் மையம் நீண்ட அலைநீளம் நோக்கி நகர்ந்துவிடுகிறது. அந்த அலைநீளத்தில் ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் உறிஞ்சும் அளவு குறைவு. விகிதம் இறங்குகிறது, திரையில் எண் ஏறுகிறது. இதற்கு மேல் விரலில் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், அதாவது காய்ச்சலில் கை சில்லிட்டுப் போயிருந்தால், வந்து சேரும் சமிக்ஞையே நலிந்து பிழை இன்னும் பெருகும்.

அட்டவணையிலேயே இந்த நகர்வைச் சேர்த்துத் திருத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அட்டவணை எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்க வைத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, அவர்களுடைய இரத்த ஆக்சிஜனைப் படிப்படியாக 70 சதவீதம் வரை இறக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகக் கருவியில் சோதித்து, அதே நொடியில் விரலில் கிடைத்த விகிதத்துடன் பொருத்திக் குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்புகளின் தொகுப்பே அட்டவணை. ஆகவே அந்த ஆய்வகத்தில் படுத்திருந்தவர்களின் விரல்கள் எப்படிப்பட்டவையோ, அப்படிப்பட்ட விரல்களுக்கே அது சரியாகப் பொருந்தும். படுத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் வெளிர்நிறத் தோலினர்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்டது இவ்வளவுதான்: குறைந்தது 10 பேரிடம் சோதிக்க வேண்டும், 200 இணை அளவீடுகள் வேண்டும், பங்கேற்போரில் குறைந்தது இருவர், அல்லது 15 சதவீதத்தினர், இவற்றில் எது அதிகமோ அத்தனை பேர், கருமையான தோலுள்ளவர்களாக இருக்க வேண்டும். பத்துப் பேரை வைத்துச் சோதிக்கும் நிறுவனத்துக்கு இரண்டு பேர் போதும். அந்த இருவருக்குக் கருவி எண்ணைக் கூட்டிக் காட்டினாலும், மற்ற எட்டுப் பேரின் அளவீடுகளோடு சேர்த்துச் சராசரிப் பிழை பார்க்கையில் அது கரைந்துவிடும். கருவி தேர்ச்சி பெற்றுவிடும். அதுவும் மருத்துவமனைக் கருவிகளுக்கு. கடையில் நேரடியாக விற்கும் விரல் கருவிகளில் பெரும்பாலானவை ‘பொதுவான உடல்நலப் பயன்பாட்டுக்கு’ என்ற பெயரில் வருவதால், அந்தப் பரிசோதனை வாயிலுக்கே போவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை அன்று என்பதுதான் எனக்குக் கோபமூட்டும் செய்தி. 1990-லேயே அமெரிக்காவில் ஜூப்ரான், டோபின் என்ற இரு மருத்துவர்கள், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் இதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள்: வெள்ளையருக்கு 92 என்ற எண் பாதுகாப்பைக் காட்டினால், கறுப்பினத்தவருக்கு அதே பாதுகாப்பை உறுதிசெய்ய 95 வேண்டியிருந்தது. 2005-இலும் 2007-இலும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாக ஆய்வகம், ஆக்சிஜன் குறையக் குறையக் கருமையான தோலில் பிழை கூடுகிறது என்று காட்டியது. கருவி மிகவும் தேவைப்படும் தருணத்தில்தான் அது மிக அதிகமாகத் தவறுகிறது என்பதே இதன் பொருள். மயக்கவியல் ஏடுகளில் அச்சான இந்தச் செய்தி, மருத்துவமனை வார்டு வரை வந்து சேரவில்லை.

பெருந்தொற்று வந்தபோது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) மானுடவியல் பேராசிரியராக இருக்கும் ஏமி மோரன்-தாமஸ், நோயுற்ற கணவருக்காக வீட்டுக்கு ஓர் ஆக்சிமீட்டர் வாங்கினார். அதன் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பழைய ஆய்வுகளைத் தோண்டி, 2020 ஆகஸ்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதைத் தொடர்ந்து மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்களிடம் இருந்த பதிவுகளையே எடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு அவ்வாண்டு டிசம்பரில் வெளியானது. விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் 88-க்கும் கீழே கிடந்தது வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். 178 மருத்துவமனைகளின் பழைய பதிவுகளில் இதே ஒப்பீடு 6.2-க்கு 17.0 என்று வந்தது. ஏறத்தாழ மூன்று மடங்கு. இவர்கள் ஏதோ குடிசைத் தொழிலில் செய்த கருவியை மாட்டியிருந்தவர்கள் அல்லர். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில், பெரிய நிறுவனங்களின் கருவிகளோடு படுத்திருந்தவர்கள்.

2022-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு அடுத்த கேள்வியைக் கேட்டது: எண் தவறினால் சிகிச்சை தவறுகிறதா? கோவிட் நோயாளிகளில், 92 முதல் 96 வரை எண் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் தாழ்ந்திருந்தவர்களின் பங்கு, வெள்ளையரில் 17.2 சதவீதம், கறுப்பினத்தவரில் 28.5, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான ஹிஸ்பானிக் மக்களில் 29.8, ஆசியர்களில் 30.2. மருந்து தொடங்குவதற்கான வரம்பை இவர்கள் உடம்பு தாண்டிவிட்டது, திரை தாண்டவில்லை. ஆகவே கறுப்பின, ஹிஸ்பானிக் நோயாளிகளுக்குத் தகுதி தெரியவரவே தாமதமானது, பலருக்குத் தெரியவரவே இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகள் நோயாளி சொன்ன இனத்தைக் கணக்கிட்டனவே தவிர, தோலின் நிறத்தை அளக்கவில்லை. அமெரிக்க மருத்துவமனைப் படிவத்தில் ‘ஆசியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் சீனரும் பிலிப்பினோவும் இந்தியரும் அடங்கிவிடுகிறார்கள். அந்த 30.2-ஐ எடுத்துத் தமிழருக்குப் பொருத்துவது தவறு. நம் வீடுகளிலேயே அண்ணனும் தம்பியும் ஒரே நிறமாக இருப்பதில்லை. தோலின் நிறத்தை வைத்துத்தான் பேச வேண்டும். இனப்பெயர் அதற்கு ஒரு மோசமான பதிலி மட்டுமே.

இருந்தாலும் இதை ‘அமெரிக்கக் கதை’ என்று ஒதுக்கிவிட நமக்கு வசதி இல்லை. கோவிட் காலத்தில் இந்திய அரசின் வழிகாட்டுதலில் 94-ம் அதற்கு மேலும் லேசான பாதிப்பு, 90 முதல் 93 வரை மிதமானது, 90-க்குக் கீழ் தீவிரம். படுக்கை கிடைக்குமா, ஆக்சிஜன் கிடைக்குமா, வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்களா என்பதையெல்லாம் தீர்மானித்தது இந்தச் சின்னத் திரை. தமிழ்நாட்டில் 2020-இல் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்காக 2,500 ரூபாய்க்கு அரசு அறிமுகப்படுத்திய அம்மா கோவிட் வீட்டுப் பராமரிப்புத் தொகுப்பில் இந்தக் கருவியும் இருந்தது. திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் இதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை, இந்தக் கருவியால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் 94 என்ற கோட்டைக் கிழித்தபோது, எந்தத் தோலில் அளந்த 94 என்ற கேள்வி எங்கும் எழவில்லை.

என் பெரியப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய். காலமெல்லாம் வெயிலில் வயல் வேலை பார்த்தவர், நல்ல கருப்பு. மூச்சுத் திணறல் கூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்று இந்தக் கருவியையும் உடன் எடுத்துப் போயிருந்தேன். வீட்டிலும் வண்டியிலும் 93 காட்டியது. மருத்துவமனையின் கருவியும் 92 என்றது. பணியில் இருந்த பெண் மருத்துவர் எண்ணைப் பார்த்துவிட்டு, அவர் கழுத்துத் தசை இழுத்து இழுத்து மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, ஏபிஜி என்ற தமனி இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். “அதான் மெஷின்ல வந்துடுச்சே, எதுக்கும்மா மணிக்கட்டுல வேற குத்துறீங்க?” என்று பெரியப்பா முனகினார். “மெஷினு வெளிய பார்த்துச் சொல்லுதுங்க ஐயா, நான் உள்ள பார்க்கணும்” என்றார் அவர். தமனி இரத்தப் பரிசோதனையில் 88 வந்தது. ஒரே ஒரு ஒப்பீட்டை வைத்துத் தோல் நிறத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. கை சில்லிட்டிருந்தது, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எண்ணை மட்டும் நம்பும் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், நாங்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்போம்.

இனி, பெட்டிக்குள் இருக்கும் கையேட்டுக்கு வருகிறேன். பொடி எழுத்தில் மடித்து வைத்த காகிதம், தமிழ் இல்லை. நகப்பூச்சு கூடாது, கை குளிர்ந்திருக்கக் கூடாது, நேர் வெயிலில் வைக்கக் கூடாது, அசையக் கூடாது என்றெல்லாம் எச்சரிக்கைகள் இருக்கின்றன. தோல் நிறத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. துல்லியம் என்ற தலைப்பின் கீழ், 70 முதல் 100 வரை கூட்டிக் கழித்து 2 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 70-க்குக் கீழ் வரையறை இல்லை. தன்னார்வலரை 70-க்குக் கீழே கொண்டுபோவது ஆபத்து என்பதால்தான் அந்த எல்லை. ‘கூட்டிக் கழித்து 2’ என்பதை எந்த அளவும் 2-க்கு மேல் பிசகாது என்ற உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புள்ளியியல் கணக்கில் அதன் பொருள், ஏறத்தாழ மூன்றில் இரண்டு அளவுகள் அந்த எல்லைக்குள் விழும் என்பதே. மீதி ஒரு பங்கு வெளியே விழலாம், அந்த ஒரு பங்கு யாருடைய விரலில் அதிகமாக விழுகிறது என்பதுதான் மேலே பார்த்த ஆய்வுகள் சொல்வது.

வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன்: எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், அவர்களில் கருமையான தோலுள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் பிழை எவ்வளவு? மரியாதையான பதில் வந்தது. தயாரிப்பு சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டது என்ற வாக்கியமும், ஏற்கெனவே என் கையில் இருக்கும் கையேட்டின் பிடிஎஃப் கோப்பும் அதில் இருந்தன. கேள்வியை மாற்றி மீண்டும் எழுதினேன். பேட்டரியை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். சேவைக்கு மதிப்பெண் கேட்டு ஒரு இணைப்பும் வந்தது, அதை நிரப்பவில்லை.

மருத்துவத்தில் எண்ணைக் கொடுக்கும் மற்றக் கணக்குகளோடு ஒப்பிட்டால் இந்தக் கருவியின் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளை வைத்துச் சொல்லும் இஜிஎஃப்ஆர் கணக்கில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கு என்று 2009-இன் சூத்திரம் சொன்னது. அதனால் அமெரிக்கக் கறுப்பின நோயாளிகளின் சிறுநீரகம் காகிதத்தில் நன்றாகவும் உடம்பில் மோசமாகவும் இருந்தது, மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர்கள் தாமதமாக நுழைந்தார்கள். 2021-இல் அந்தப் பெருக்கல் நீக்கப்பட்டது. 2023 முதல், அந்தச் சூத்திரத்தால் இழந்த காத்திருப்புக் காலத்தை அவர்களுக்குத் திருப்பிச் சேர்க்க மருத்துவமனைகள் கட்டாயப்படுத்தப்பட்டன. 2019-இல் வெளியான வேறொரு ஆய்வில், யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று தேர்ந்தெடுக்கும் மென்பொருள், நோயை அளக்காமல் மருத்துவச் செலவை அளந்தது தெரியவந்தது. கறுப்பினத்தவருக்குச் செலவிடப்படுவதே குறைவு என்பதால் அவர்கள் ஆரோக்கியமானவர்களாகத் தெரிந்தார்கள். திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதி பெறும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சிறுநீரகச் சூத்திரம் இனத்தை வெளிப்படையாக எழுதியே தவறு செய்தது. அதனால் படிப்பவர் கண்ணில் பட்டது, அடித்துத் திருத்தவும் முடிந்தது. ஆக்சிமீட்டரின் அட்டவணையில் அப்படி எழுதிய வரி எதுவும் இல்லை. தோல் என்ற ஒன்று இருப்பதாகவே அது காட்டிக்கொள்வதில்லை, ஆகவே அடிப்பதற்கு வரியும் இல்லை. அளந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கட்டுப்பாட்டு அமைப்புகள் மெல்ல அசைகின்றன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் ஓர் எச்சரிக்கை விட்டது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில், பத்துக்குப் பதிலாக 150 பேர் வேண்டும் என்றும், தோலின் நிறத்தை ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய பத்துப் படி நிற அளவுகோலால் குறிக்க வேண்டும் என்றும், வெளிர், இடைநிலை, கருமை என்ற ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது கால் பங்கினர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பிரிட்டனில் அரசு நியமித்த தனிக்குழு, மருத்துவக் கருவிகளில் உள்ள சமமின்மை குறித்து 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தபோது இந்தக் கருவியைத்தான் முன்னிறுத்தியது. இந்தியாவில் 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதற்கு 70 சதவீத வணிக லாப உச்சவரம்பு விதித்தது, விலை இறங்கியது, நல்லது. துல்லியம் அந்த ஆணையத்தின் வேலை அன்று. 150 தமிழர்களை, அல்லது 150 இந்தியர்களை, நிற வாரியாகப் பிரித்து அளந்து இந்தக் கருவி எவ்வளவு பிசகுகிறது என்று பெட்டியில் அச்சிட்டால், அந்த மாடலுக்கு இருநூறு முந்நூறு ரூபாய் அதிகம் கொடுக்க நான் தயார்.

அதுவரை, வாங்கியவர்கள் இதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரே விரலில், ஒரே கருவியில், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இது நல்ல கருவி. அந்த வேலையில் தோலின் பிழை பெரும்பாலும் எல்லா அளவுகளிலும் ஒரே பக்கம் சாய்வதால், மாற்றம் தெரிந்துவிடும். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் நாளிலேயே ஒவ்வொருவருடைய எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 98 காட்டுபவருக்கு 94 வந்தால், அது கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று நிம்மதியடையாமல் நான்கு இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அளப்பதற்கு முன் சில நிமிடம் உட்கார வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலிலோ மோதிர விரலிலோ மாட்டி, எண் நிலைக்கும் வரை காத்திருங்கள்; முதலில் மின்னும் எண்ணைக் குறிக்காதீர்கள். நகத்தில் கருமருதாணி இருந்தால் வேறு விரல். உட்கார்ந்திருக்கையில் சரியாக இருந்து, ஆறு நிமிடம் நடந்ததும் மூன்று நான்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பேச மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், குழப்பமாகப் பேசினால், திரை 96 காட்டினாலும் புறப்பட வேண்டும்.

நுரையீரல் நோயாளியோ இதய நோயாளியோ வீட்டில் இருந்து, வீட்டு ஆக்சிஜன் தேவையா என்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இந்த மாடலைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த முடிவுக்கு விரல் கருவி எதுவுமே போதாது, ஒருமுறையாவது ஏபிஜி எடுத்து, அன்றைக்கு விரலில் காட்டிய எண்ணையும் அருகில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி, பின்னாளில் வீட்டில் அளக்கும்போது பயன்படும். அதே போலக் கைக்கடிகாரங்களில் வரும் ஆக்சிஜன் அளவையும் இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அவை விரலை ஊடுருவும் ஒளியை விட்டுவிட்டு, மணிக்கட்டில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துக் கணக்கிடுகின்றன, அது இன்னும் நலிந்த சமிக்ஞை.

கட்டமைப்புக்கும் திரைக்கும் ஐந்துக்கு நான்கு. வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்று. கையேட்டுக்கு அரை, அதுவும் 70 என்ற எல்லையை நேர்மையாகச் சொன்னதற்காக. மொத்தத்தில் இரண்டரை கொடுக்கிறேன். புதிதாக வாங்குவதென்றால், துடிப்பின் அலைக்கோட்டையும் ‘பிஐ’ என்று குறிக்கப்படும் இரத்த ஓட்டக் குறியீட்டையும் சேர்த்துக் காட்டும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். இந்த மாடலில் அலைக்கோடு உண்டு, பிஐ இல்லை. பிஐ மிகவும் தாழ்ந்திருக்கும்போது வரும் ஆக்சிஜன் எண்ணைக் கருமையான தோலுள்ளவர்கள் கணக்கில் எடுக்காமல், கையைச் சூடாக்கி மீண்டும் அளந்து பார்ப்பது நல்லது.